இளவரசி ஆம்பூர் வரை வந்துவிட்டாள்

ஆம்பூர்
5-3-1936

மகா-ள-ஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு, ஆம்பூர் தோல் ஷாப்பு குமாஸ்தா முக்தார் அகமது சலாம் சொல்லி எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சுக்கூடமும் நலமாயிருக்க துவா செய்கிறேன். இவ்விடம் நலமில்லை. அதற்குத் தாங்களே காரணம்.

தங்கள் சிறுவர் பத்திரிகையில் வரும் வேலூர்க் கோட்டைச் சரித்திரக் கதையை வாரந்தோறும் என் பெண்கள் சைராவுக்கும் ரஃபத்துக்கும் சொல்லிவருகிறேன். அவர்களுக்கு உருதுதான் வாசிக்கத் தெரியும். நான் தமிழைப் பார்த்து உருதுவில் சொல்லுவேன். பதினோராம் அத்தியாயத்தில் இளவரசி மரகதவல்லியைத் தாங்கள் ஜுரத்தில் சாகடித்துவிட்டீர்கள். போர் நடக்கிறது, அம்பு இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, அத்தனையும் விட்டு ஜுரம்தானா அகப்பட்டது? இந்தக் குழந்தைகளின் தாய் ஜஹீதா போன ரம்ஜானுக்கு முன்னால் ஜுரத்தில்தான் போனாள். அந்தப் பக்கத்தை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இளவரசி பிழைத்தெழுந்து அகழியில் குதித்துவிட்டாள் என்றேன். அகழியில் முதலை இருக்குமே என்றாள் ரஃபத். முதலைக்கு அன்று நோன்பு என்றேன். அன்று பிடித்தது பேஜார். வாரம் ஐந்து மைல் வீதம் நடத்தி, பள்ளிகொண்டா, மாதனூர் எல்லாம் கடத்தி, வேறு வழி தெரியாமல் நேற்று ஆம்பூருக்கே கொண்டுவந்து எங்கள் தோல் ஷாப்பில் ஒளித்துவைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் தோல் ஷாப்பு ஏது என்று பெண்கள் இருவரும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பயமாயிருக்கிறது.

கூட வேலைசெய்யும் கோதண்டராமனிடம் யோசனை கேட்டேன். "கொன்னுடுங்க பாய், தொல்ல வுட்டுது" என்கிறார். கை வரவில்லை ஐயா. ஒரு வீட்டுக்கு ஒரு ஜுரம் போதும். ஆகையால் அடுத்த இதழில், வைத்தியர் தப்பாக நாடி பார்த்துவிட்டார், இளவரசி மூர்ச்சையாகத்தான் கிடந்தாள் என்று நாலு வரி போட்டு, அவளைத் தாங்களே திரும்ப அழைத்துக்கொள்ளவும். ஆம்பூருக்கு அப்பால் எனக்கு வழி தெரியாது.

தங்கள் பேனாவுக்கு நீண்ட ஆயுளும், அதில் அகப்படுகிறவர்களுக்கு அதைவிட நீண்ட ஆயுளும் அல்லாஹ் அருள்வானாக.

இப்படிக்கு,
முக்தார் அகமது

பின்குறிப்பு: நான் சைரா. எனக்குத் தமிழ் தெரியாது என்று நம்பி, உறையை ஒட்டச் சொல்லிப் பாவா கொடுத்துப் போனார். பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது. இளவரசி செத்த அன்று, பாவா ஷாப்பிலிருந்து வருவதற்குள் படித்து அழுது முகமும் கழுவிவிட்டோம். அப்புறம் அவர் வந்து அவளை அகழியில் குதிக்கவைத்தார். உங்கள் இளவரசி யாரையும் அதட்டியதுகூட இல்லை. பாவாவின் இளவரசி, மாதனூர் தாண்டியதிலிருந்து, எங்களைப் பெற்ற அம்மி திட்டுவது போலவே திட்டுகிறாள். அம்மி பேச்சை அவர் வேறு எப்போதும் எடுப்பதில்லை. தயவுசெய்து உங்கள் இளவரசியைப் பிழைக்கவைக்காதீர்கள்.