காலி டிஸ்கும் ‘அதேதான்’ பெனிஷும்

உலகத்தில் புதிதாக எதுவுமே கிடையாது என்று நம்புகிற ஓர் இனம் நம்மிடையே உலாவுகிறது. ‘அதேதான்’ இனம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் முதன்முறையாக விமானத்தில் போய்வந்து, மேகம் காலுக்குக் கீழே கிடந்ததை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இவர் கொட்டாவியை மென்றபடி, “நம்ம திருவனந்தபுரம் பஸ்ஸுதான், கொஞ்சம் மேல போவுது, அதேதான்” என்பார். அதற்குப் பிறகு உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

கருங்கல் ஊர்க்காரன் பெனிஷ் இந்த இனத்தின் அசல் வாரிசு. புட்டும் இட்லியும் அவனுக்கு ஒன்றுதான், இரண்டும் ஆவியில் வேகிறதாம். மச்சான் ஜினோ கத்தாரிலிருந்து வந்து, அங்கே பார்த்த பெரிய ஷாப்பிங் மாலைப் பற்றிக் கண் விரியச் சொன்னபோது, “களியக்காவிளை சந்தைக்கு ஏசி போட்டா அதேதான் மக்கா” என்று ஒரே வரியில் கடையை மூடிவிட்டான். மனைவி ஜினிஷாவுக்குப் பிரசவ வலி எடுத்த நேரத்தில், தனக்குச் சிறுநீரகக் கல் வந்த கதையைச் சொல்லி, “அதேதான்” என்று ஆறுதல் சொன்னவனும் அவன்தான். அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக லினக்ஸ் சர்வர்களின் டிஸ்குகளைக் கவனித்துக்கொள்கிறான். அதில் கெட்டிக்காரன், சும்மா சொல்லக்கூடாது. அந்தக் கம்பெனிக்குக் கடல்தாண்டி ஒரு பென்ஷன் நிறுவனம் வாடிக்கை. அவர்களுடைய மெயின்ஃபிரேம், அதாவது பல்லாண்டு காலமாக அதே கணக்குகளைச் சளைக்காமல் போட்டுத்தரும் ராட்சதக் கம்ப்யூட்டர், கோட்டாறு ரஸீனாவின் பொறுப்பு. அதிகம் பேசாத பெண். இனி இரண்டு பக்க டிஸ்குக்கும் ஒரே தலைவர் என்று மேனேஜர் சிவபிரசாத் அறிவித்ததும் பெனிஷுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. வேலை கிடைத்துவிட்டதாகவே மாமனார் வீட்டில் சொல்லியும் விட்டான். மெயின்ஃபிரேம் தெரியாதே? அதனால் என்ன, ரஸீனாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

“இதுல ஃபோல்டர் எங்க?”

“ஃபோல்டர் கெடையாது அண்ணே. டேட்டாசெட்டுன்னு சொல்லுவோம். அதுக்க பேருக்கு நடுவுல புள்ளி இருக்கும்.”

“அப்ப புள்ளிதான் ஃபோல்டர். அதேதான்.”

“இல்ல அண்ணே. பேரு வேற. அது எந்த டிஸ்குல கெடக்குன்னு கேட்டலாக்குன்னு ஒரு பதிவேட்டுல தனியா எழுதி வச்சிருக்கும்.”

“அதேதான்.”

நாலு நாள் இப்படிப் பாடம் நடந்தது. அவள் ஒன்றைத் தொடங்குவாள், இவன் முடித்துவைப்பான். கடைசி நாள் அவள் ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொன்னாள்.

“உங்க பக்கம் எழுத எழுத இடம் எடுத்துக்கும். இங்கன அப்பிடி இல்ல. எழுதுகதுக்கு முன்னாலயே இவ்வளவு வேணும்னு கேட்டுப் பிடிச்சு வைக்கணும். கேட்டீளா?”

“லினக்ஸ்ல ஆளுக்கு இவ்வளவுன்னு அளவு வைப்போம்லா, அதேதான்.”

ரஸீனா எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை அவளுக்குச் சாச்சி மகளின் நிக்காஹ். அவள் இடத்தில் அன்று பெனிஷ். திரையைப் பார்த்தான். ஒரு டேட்டாசெட் டிஸ்கில் பாதியை வளைத்துப் பிடித்திருக்கிறது, உள்ளே எழுதியிருப்பதோ கால்வாசிகூட இல்லை! பன்னிரண்டு வருடமாக இடத்துக்குத் தட்டுப்பாடு பார்த்தே பழகிய மனசு துள்ளியது. எழுதாத பகுதியை விடுவித்தான். இடம் வேண்டுமென்று மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்த சோதனைக் குழுவுக்கு அதைத் தூக்கிக் கொடுத்தான். அவர்கள் சாயங்காலத்துக்குள் நிரப்பிவிட்டார்கள். ‘ஒரே நாளில் நாற்பது சதவீதம் மீட்பு’ என்று சிவபிரசாத் தொடங்கி கேண்டீன்காரர் வரை எல்லோருக்கும் மெயில் அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை மாதாந்திரப் பென்ஷன் கணக்கு ஓடத் தொடங்கியது. கால்வாசியில் நின்றது. இடம் இல்லையாம். மாலை ஐந்துக்குள் முடியாவிட்டால் பதினோராயிரம் முதியவர்களுக்குத் திங்கட்கிழமை வரை பென்ஷன் கிடையாது. கையில் மருதாணியோடு வந்த ரஸீனா திரையை ஒருமுறை பார்த்தாள்.

“இங்கன கெடந்த இடத்த ஆரு எடுத்தா?”

“சும்மா கெடந்துது...”

“சும்மா கெடக்கல்ல அண்ணே. ஓட ஓட அந்த மீதி இடமும் வேணும்லா? வடசேரில பஸ்ஸு வந்ததும் சன்னல் வழியா துண்டு போடுவாங்கல்லா. துண்டு கெடக்குத சீட்டுல ஆளு இல்லன்னு நீங்க போயி இருப்பீளா?”

பெனிஷின் வாயில் ‘அதேதான்’ வந்து நின்றது. வாழ்க்கையில் முதன்முறையாக அது சரியான இடத்தில் வந்திருந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான்.

சோதனைக் குழுவின் சாமான்களை ஒவ்வொன்றாக வேறு டிஸ்குக்கு மாற்றி, இடத்தைத் திரும்பப் பிடித்து, நின்ற இடத்திலிருந்து ஓட்டி, நாலு நாற்பதுக்கு முடித்தாள் ரஸீனா. அதற்கு பெனிஷ் செய்த பேருதவி, பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தது.

திங்கட்கிழமை சிவபிரசாத் அறைக்குள் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். “எனக்க தப்பு சார். எனக்கு அது தெரியாது” என்றான். ‘தெரியாது’ என்ற சொல் பழக்கமில்லாததால் எழுத்துக்கூட்டித்தான் வெளியே வந்தது. பாவம், அந்த ஒரு நிமிடம் அவனைப் பார்க்க உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. தலைவர் பதவி ரஸீனாவுக்குப் போனது.

மறுநாள் காலை சாப்பிட உட்கார்ந்தபோது ஜினிஷா கேட்டாள்.

“அந்தத் தலைவர் வேல என்ன ஆச்சு? அப்பா போன்ல கேட்டாங்க.”

“ரஸீனாவுக்குக் குடுத்தாச்சு. ஒரே டீம்தானேட்டி, அவளுக்குக் கெடச்சா என்ன, எனக்குக் கெடச்சா என்ன? அதேதான். நீ புட்டும் பயறும் எடு.”

ஜினிஷா உள்ளே போய், தட்டில் நாலு இட்லி கொண்டுவந்து வைத்தாள்.

“புட்டுல்லா கேட்டேன்?”

“அதேதான்” என்றாள்.

பெனிஷ் இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

அது கிடக்கட்டும். இதைப் படிக்கும்போது உங்கள் மேலதிகாரியோ மைத்துனரோ ஞாபகத்துக்கு வந்து, ‘எங்க ஆபீஸ்லயும் ஒருத்தர் உண்டு, அதேதான்!’ என்று ஒருமுறையாவது சொன்னீர்களா? சொன்னீர்கள் என்றால், நாளைக் காலை தட்டில் என்ன விழுகிறது என்று கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.