அட்டையின் பின்பக்கம்

முதல் சுற்று முடிவதற்குள்ளேயே புது ஷூ மாஸ்டரின் இடது குதிகாலைக் கடித்துவிட்டது.

"ரெண்டு நாள் வீட்டுக்குள்ள போட்டு நடங்க சார், பழகிடும்" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். மாஸ்டர் அதைப் பெட்டியிலேயே வைத்து அழகு பார்த்துவிட்டு, இன்று மதியம் நேரே மைதானத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்தே பிழைத்தவருக்கு நடப்பதற்கும் ஒத்திகை வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கற்றுக்கொள்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, இவர் பக்கத்து சீட்டில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆபத்து வந்தால் அமுக்குவார். வராவிட்டாலும் அமுக்குவார். அதனால் அவருக்குப் பிரேக் மாஸ்டர் என்று பெயர். ஐம்பத்திரண்டு வயதாகியும் அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவருடைய அக்கா வழுக்கையைக் குறை சொல்வாள். வழுக்கை பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பள்ளிக்கூட மைதானத்தில் அன்று நடந்தது நிதி திரட்டும் நடை. இலவச ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆம்புலன்ஸ் வாங்க வேண்டும். நடப்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. நீ நடக்கிற ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு தருகிறேன் என்று தெரிந்தவர் யாராவது அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். ஒரு சுற்று முடித்தால் பந்தலுக்குக் கீழே இருக்கும் மேஜையில் அட்டையை நீட்டி ஒரு முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

மாஸ்டருக்குக் கையெழுத்துப் போட்டவர் அவருடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர். பற்பசை தீர்ந்ததும் குழாயைக் கத்தரித்து உள்ளே வழித்தெடுக்கிற மனிதர். "நீ ஒரு சுத்துக்கு மேல தாங்க மாட்ட மச்சான்" என்று சிரித்துக்கொண்டே கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டார்.

மாஸ்டர் ஆம்புலன்ஸுக்காக வரவில்லை. முத்திரை மேஜையில் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்து வந்தார். மருந்துக்கடை மேடம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மேடம் அவரிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். கணவர் இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்த சமயம். கியர் மாற்றும்போது வண்டி உறுமினால் "மன்னிச்சுக்கோ" என்று வண்டியிடம் மெதுவாகச் சொல்வார். மாஸ்டர் அந்த ஒரு வார்த்தையில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மேடம் முதல் தேர்விலேயே பாஸாகிவிட்டார். அன்றிலிருந்து மாஸ்டர் தன் திறமையை வெறுக்க ஆரம்பித்தார். வாரம் இரண்டு தடவை மருந்துக்கடைக்குப் போய் இருமல் மாத்திரை வாங்கினார். அவருக்கு இருமலே கிடையாது. வீட்டில் ஒரு மேஜை இழுப்பறை முழுக்க மாத்திரை.

போன வாரம் கடைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கடை இந்த மாதத்தோடு மூடப்படுகிறது. வேறு ஊரில் இருக்கும் மகள் அம்மாவைத் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிடுகிறாளாம். திங்கட்கிழமை ரயில். இன்று சனிக்கிழமை.

அதனால் மாஸ்டர் ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தார். "நடை முடிஞ்சதும் என்கூட ஒரு காபி குடிக்க வர்றீங்களா?" ஏழே சொற்கள். கண்ணாடி முன்னால் நின்று நாற்பது தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். போகாதீங்க. அதைக் காபி ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

நொண்டிக்கொண்டே மேஜைக்கு வந்தார். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்டர், நீங்களா நடக்கிறீங்க?"

மாஸ்டரின் வலது கால் தானாகவே மண்ணை அமுக்கியது.

"ஆமா மேடம். வந்து... வண்டிக்கு ஆயில் மாத்துனீங்களா?"

"மாத்துனேன்." அட்டையில் நீல முத்திரை விழுந்தது. "வேற ஏதாவது சொல்லணுமா?"

"பின்னாடி பாக்குற கண்ணாடி... சரியா வச்சுக்குங்க."

அவ்வளவுதான் வந்தது. பின்னால் வரிசை நின்றது. மறுபடி மேஜைக்கு வர ஒரே வழி, மறுபடி ஒரு சுற்று.

ஷூ கடிக்கு மருந்தாகக் கைக்குட்டையை மடித்துக் குதிகாலில் திணித்தார். குதிகால் தப்பித்தது, விரல்கள் மாட்டிக்கொண்டன. இரண்டாவது சுற்றில் இரண்டு பக்கமும் நொண்டினார்.

"காலுக்கு என்ன?" என்றார் மேடம்.

"ஒண்ணுமில்ல மேடம். என் நடையே இப்படித்தான்."

"இல்லையே. நாலு வருஷமா கடைப்படி ஏறி வர்றத பாக்குறேனே."

வேறு யாராக இருந்தாலும் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். மாஸ்டர், "டயர்ல காத்து பாத்துக்குங்க" என்றார். மேடம் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்துக் கொடுத்தார்.

மூன்றாவது சுற்றில் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காலுறையோடு, இரண்டு கையிலும் ஒவ்வொரு ஷூவாகப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுண்ணாம்புக் கோட்டின் ஓரத்தில் அத்தான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"எத்தனையாவது மச்சான்?"

"மூணு. இன்னும் போவேன் அத்தான்."

"போதும்டா. ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வேணும்தான். அதுக்காக நான் அதுல படுக்கணுமா?"

"ஒரு விஷயம் பாக்கி இருக்கு அத்தான்."

"என்ன விஷயம்?"

அதைச் சொல்ல முடிந்தால் மாஸ்டர் ஏன் நடக்கிறார்? அவர் பாட்டுக்கு நடந்தார். அத்தான் நேரே, மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிற மைக்காரரிடம் போனார். என் மைத்துனனுக்கு இதயக் கோளாறு, அவனை நிறுத்துங்கள் என்று காதோடு காதாகச் சொன்னார். உருப்படியான யோசனைதான். ஆனால் மைக்காரர் மத்தியானத்திலிருந்து, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் வாய் வறண்டு கிடந்தார்.

"அன்பான பொதுமக்களே, அங்கே பாருங்க. இதய நோயாளி ஒருத்தர், டாக்டர் தடுத்தும் கேக்காம, செருப்புகூட இல்லாம, நோயாளிகளுக்காக நடந்துக்கிட்டிருக்கார்."

மைதானமே கை தட்டியது. டயர் கடைக்காரர் ஓடி வந்து மாஸ்டரின் அட்டையில் தன் பெயரை எழுதினார். பின்னாலேயே பேக்கரிக்காரர். இதோ நிற்கிறாரே, இவர்தான் அவருடைய அத்தான் என்று மைக்காரர் கை காட்ட, கூட்டம் அவருக்கும் கை தட்டியது. அத்தான் வேறு வழியில்லாமல் கையை உயர்த்தினார். உயர்த்திய கையைப் பார்த்த மைக்காரர், அத்தான் தன் தொகையை இரட்டிப்பாக்குகிறார் என்று அறிவித்துவிட்டார்.

நாலாவது சுற்று முடிந்து மாஸ்டர் வந்தபோது மேடம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"முதல்ல உக்காருங்க. கையக் குடுங்க."

மாஸ்டர் உட்கார்ந்தார். மேடம் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மேடத்தின் விரல்களில் மருந்து வாசனையும் மை வாசனையும் வந்தது. இப்படியே உலகம் நின்றுவிட்டால் தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. நாலு வருஷம் மாத்திரை வாங்கியதில் அந்த விரல் ஒரு தடவைகூட அவர்மேல் பட்டதில்லை. மேடம் மாத்திரையைக் கண்ணாடிப் பலகை மேல்தான் வைப்பார்.

"ரொம்ப வேகமா ஓடுதே."

"நடந்ததால மேடம்."

"இப்ப உக்காந்துதானே இருக்கீங்க. ஏறிக்கிட்டே போகுதே."

மாஸ்டர் குனிந்து தன் காலுறையைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இந்தக் கோளாறு?"

அது அத்தான் விட்ட கதை என்று சொல்லிவிடலாம். சொன்னால் மேடம் கையை விட்டுவிடுவார்.

"நாலு வருஷமா மேடம்."

"மருந்து சாப்பிடறீங்களா?"

"இருமல் மாத்திரை."

மேடம் அவரையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து முத்திரையைத் தேடினார். கோபமா, சிரிப்பா என்று மாஸ்டருக்குப் பிடிபடவில்லை. முத்திரை விழுந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நடந்துவிட்டார்.

ஐந்தும் ஆறும் இப்படியே போயின. ஐந்தில் ஹெட்லைட்டைப் பற்றி விசாரித்தார். ஆறில் இன்ஷூரன்ஸ். "அவ்வளவுதானா?" என்று மேடம் கேட்டார். "அவ்வளவுதான்" என்று இவர் சொன்னார்.

ஏழாவது சுற்றில் அவர் மைதானத்தின் மறுகோடியில் இருந்தபோது மைக் கரகரத்து ஏதோ சொல்லிவிட்டு அடங்கியது. அவர் காதில் விழவில்லை. கூட நடந்தவர்கள் ஒவ்வொருவராகச் சுண்ணாம்புக் கோட்டை விட்டு விலகுவதைப் பார்த்தார். தாக்குப்பிடிக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அதிசயமாக, அத்தானும் மாறிவிட்டார். மரத்தடி பெஞ்சில் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

"நட மச்சான், நட. உடம்புக்கு நல்லது. நீ எத்தன சுத்து வேணா நட."

கஞ்சனுக்கும் ஒரு நாள் மனம் இளகும் போலிருக்கிறது என்று மாஸ்டருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

மேஜையில் அட்டையை நீட்டினார். அட்டையில் இருந்த ஆறு கட்டங்களும் நிரம்பியிருந்தன.

"இடமில்லையே மேடம்."

"பின்பக்கம் இருக்கே" என்று மேடம் அட்டையைத் திருப்பினார். நீல முத்திரையைக் காணோம். கைப்பையிலிருந்து வேறொன்றை எடுத்து அழுத்தினார். ஊதா மை. அவருடைய கடை முத்திரை. கடைப் பெயருக்குக் கீழே, 'விற்ற மருந்து திரும்பப் பெறப்படமாட்டாது' என்று இருந்தது.

"அந்த சீல் இப்ப இங்க இல்ல" என்றார் மேடம். "இன்னொரு சுத்து போறீங்களா?"

"போறேன் மேடம்."

எட்டு. ஒன்பது. பத்து. பின்பக்கம் முழுக்க ஊதாவாகிக்கொண்டு வந்தது. மறுகோடியில் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் திரும்பும்போதெல்லாம் மேடம் தூரத்தில் ஒரு சின்ன உருவமாகத் தெரிந்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தத் தூரம்கூட மிஞ்சாது. புது ஊரில் கியர் உறுமினால் "மன்னிச்சுக்கோ" என்று சொல்வார், அது யார் காதில் விழும்? இங்கே கடைக் கதவு மூடியிருக்கும். இவர் அந்தத் தெரு வழியாகப் போய், பழக்கத்தில் படியேறி, மூடிய கதவைப் பார்த்துவிட்டு இறங்குவார். ஒரு மனுஷியின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க இவ்வளவு ஏக்கம் இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அவர் இத்தனை வருஷம் பிரேக்கின் மேல் காலை வைத்திருக்க மாட்டார். இந்தச் சுற்றில் சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு தடவையும் கோல் கம்பத்தைத் தொட்டுச் சபதம் செய்தார். கம்பத்துக்கும் மேஜைக்கும் நடுவில் சபதம் கரைந்து போனது.

பதினொன்றாவது சுற்றில்தான் அவர் பந்தலைச் சரியாகப் பார்த்தார். பந்தலில் முக்கால்வாசியைப் பிரித்தாயிற்று. மேடத்தின் தலைக்கு மேல் மட்டும் ஒரு துண்டுத் துணி நின்றது. வெயில் சாய்ந்திருந்தது. மேடம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. கடைசி ஆள் நடந்து முடிக்கும் வரை முத்திரை போடுகிறவர் இருந்தாக வேண்டும் போலிருக்கிறது. ஊருக்குப் போக மூட்டை கட்ட வேண்டியவரை, தன் ஏழு சொல்லுக்காக இப்படிக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமே. இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

"மேடம், என்னால உங்களுக்கு நேரமாகுது. நான் இதோட நிறுத்திக்கிறேன்."

அன்றைக்கு அவர் திக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

"முடிச்சுட்டீங்களா?" என்றார் மேடம்.

"முடிச்சுட்டேன்."

"நிஜமாவா?"

கால் மண்ணை அமுக்கியது. "நிஜமா மேடம்."

மேடம் அட்டையைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு முத்திரை போட்டுக் கொடுத்தார். "சரி மாஸ்டர். வீட்டுக்குப் போய்க் கால வெந்நீர்ல வச்சுக்குங்க."

மாஸ்டர் ஷூவைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். அத்தான் பெஞ்சிலேயே வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் பந்தல்காரரின் வண்டி நின்றது. நாற்காலிகள் எல்லாம் அடுக்கி, கயிறு போட்டாயிற்று. பந்தல்காரர் வண்டியின் பின்பலகையில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து கொட்டாவி விட்டார். மாஸ்டரைப் பார்த்ததும் குதித்து இறங்கினார்.

"வந்துட்டீங்களா சார்? உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

"எனக்காகவா?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். மைதானத்தில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி. மேடம் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை.

பந்தல்காரர் தலையைச் சொறிந்தார். "நடை ஆறு சுத்தோட அஞ்சு மணிக்கே முடிஞ்சு போச்சு சார். 'அவர் எங்கிட்ட என்னமோ கேக்க வந்திருக்கார், கேட்டு முடிக்கிறவரைக்கும் மேஜைய எடுக்காதீங்க'ன்னு அந்த மேடம்தான் என்னை உக்கார வச்சிருக்காங்க... கேட்டுட்டீங்களா, எடுத்துடவா?"