கையோடு வந்த ஸ்டியரிங்

‘சரக்கைப் பெறுபவர் சோதித்துப் பார்த்த பிறகே கையொப்பமிட வேண்டும்.’ விருத்தாசலத்தில் நான் வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையில், இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்தான். சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கோப்பையையும் விரலால் தட்டுவேன். கணீரென்றால் தேறியது, டொக்கென்றால் கழிவு. மினுமினுப்புக்கு மயங்கியதே இல்லை. (ஒரு சனிக்கிழமை தவிர.)

செல்போனில் பாம்பு விளையாடிய காலம். பாலிடெக்னிக்கில் படித்த என் மகள் தேன்மொழி, பிரவுசிங் சென்டர் நடத்திய கம்ப்யூட்டர் கார் பந்தயத்தில் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டாள். எதிராளி சென்டர்காரரின் மைத்துனன் செந்தில். பொம்பளைப் பிள்ளைக்கு ஸ்கூட்டியே அதிகம் என்று கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிந்தவன். அவன் வாயை அடைத்தே ஆக வேண்டும் என்பது அவள் வைராக்கியம். ஸ்டியரிங்கை அவரவரே கொண்டுவர வேண்டும்.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பாக, தடியாக, எருமைக் கொம்பு போல. மற்றது வெள்ளிப் பூச்சு, சிவப்புத் தையல், நடுவில் நீல விளக்கு.

“கறுப்ப வாங்குங்கப்பா. பாக்க ஒரு மாதிரி இருந்தாலும் கெட்டியா இருக்குது.”

அவளுக்கு ரசனை போதாது என்று சொல்லிவிட்டு, வெள்ளியை வாங்கி ரசீதில் கையெழுத்துப் போட்டேன். தட்டவில்லை.

பந்தயத்தில் இரண்டாம் சுற்று, ஒரு வளைவு. டொக். நான் ஆயுள் முழுக்கக் கேட்டுக் கழித்த அதே சத்தம். ஸ்டியரிங் அவள் கையோடு வந்துவிட்டது. நீல விளக்கு மட்டும் அணையவில்லை. (அதற்குத் தனி பேட்டரியாம்.)

“இந்தாங்க, நீங்களே வச்சிக்குங்க” என்று அதை என் மடியில் போட்டாள். என் கைக்குட்டையைப் பிடுங்கி, மேஜையில் மிச்சமிருந்த அச்சுக் கட்டையில் சுற்றித் திருப்பி ஓட்டினாள். நான் எழுந்து நின்று, பழக்கதோஷத்தில், கையிலிருந்ததை விரலால் தட்டிப் பார்த்தேன். செந்தில் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் சிரித்தான். சிரித்தவன் திரையில் காரோடு நேராகச் சுவரில் போய் மோதினான். தேன்மொழி ஜெயித்தாள்.

“இப்பவாச்சும் தட்டுனீங்களே” என்றாள் என் மனைவி மரகதம்.

ஸ்டியரிங் கம்பெனிக்கு மூன்று பிரதிகளில் புகார், ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபால், மாதம் ஒரு நினைவூட்டல் என்று முறைப்படி எல்லாம் செய்தேன். வீட்டில் தேங்காய் வாங்கி வந்தால்கூட, தட்டிப் பார்த்தீர்களா என்ற கேள்விதான். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் மரகதம் அதையே கேட்டாள். கதை தெரிந்த மாப்பிள்ளை தலையை நீட்டினார்.

‘சோதித்துப் பெற்றுக்கொண்டதாகத் தாங்கள் கையொப்பமிட்டிருப்பதால் கோரிக்கையை ஏற்க இயலாது’ என்று ஒருவழியாகப் பதில் வந்தது. என் விதிப்படி அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வந்த தேதி: தேன்மொழி மாப்பிள்ளையைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, ஸ்டியரிங்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கல்யாணக் காரைத் தானே மாப்பிள்ளை ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஓட்டிக்கொண்டு போன தேதி.