பசாசின் பச்சையும் என் கன்னமும்

நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினைத் தனியாகக் கிளப்பத் தெரிந்த பெண், எங்கள் மீனவ ஊரான தாழ்வுபாட்டில் நான் ஒருத்திதான். (இதை நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. வேறு யாரும் சொல்கிறார்கள் இல்லையே!) அப்படிப்பட்ட நான், போனில் பார்த்த ஒரு வீடியோவை நம்பி மோசம் போனேன்.

அப்பாவுக்கு இடுப்பு ஏலாமல் போனபின் வள்ளம் ஓட்டியது நான். பத்து வருட வெயிலும் உப்புக்காற்றும் கன்னத்து மெல்லிய இரத்தக்குழாய்களை உடைத்து, சிவப்பு நூலால் தைத்ததுபோலக் கோடு போட்டுவிட்டன. டொக்டர் பயப்படவில்லை. "தொப்பி போடுங்கோ, வெயில் கிறீம் பூசுங்கோ, தேய்க்க மட்டும் வேண்டாம். மங்க வைக்கவேணுமெண்டால் கொழும்பில லேசர் இருக்கு" என்றார். அம்மாவின் கவலை வேறு.

"பாக்கிறவை குடிகாரக் கன்னமெண்டெல்லோ நினைப்பினம்!"

அந்த நேரம் பார்த்துப் பேசாலையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அன்ரன், எங்கள் எஞ்சினைத் திருத்துகிறவர். எஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று நான் சொல்ல, குறுக்கே பேசாமல் கேட்ட ஒரே ஆண். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் அவருடைய தாய்க்கு அம்மா அனுப்பிய படம், போன் மெழுகித் தந்த படம். அதில் ஒரு கோடும் இல்லை. பெண் பார்க்க வரும் அன்று என் முகமும் அப்படியே இருந்தாக வேண்டும்.

சிவப்பை மறைக்க முதலில் பச்சை பூச வேண்டும் என்றது வீடியோ. அந்தக் கிறீம் மன்னார்க் கடைகளில் கிடைக்கவில்லை. பச்சை என்றால் பச்சைதானே! கோயில் திருநாள் கூத்தில் பசாசு வேடம் கட்டும் சித்தி மகன் சூசையிடம் ஒரு டப்பா இருந்தது. அவர்கள் வர அரை மணி இருக்கும்போது அதைப் பூசி, மேலே பவுடர் போட்டேன். பவுடர் தோற்றது. கழுவினேன், போகவில்லை. தேங்காயெண்ணெய், சவர்க்காரம், கடைசியில் சட்டி தேய்க்கும் தும்பு. (டொக்டர் என்னை மன்னிக்கட்டும்.) வாசலில் ஓட்டோ வந்து நின்றபோது, என் கன்னங்கள் பச்சைக் கரை போட்டுச் செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தன.

தேநீர்த் தட்டோடு போனேன். அன்ரனின் தாய், எனக்கு மாமியாக வரப்போகிறவர், போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிள்ளை, இந்தப் படத்தில இருக்கிறது ஆர்?"

அம்மா வாய் திறக்க முன்னர் எனக்கு ரோசம் வந்துவிட்டது.

"நான்தான் மாமி. ஆனால் அது பொய்ப் படம். பச்சை சூசையின்ர. சிவப்புக் கோடு என்ர. கடலுக்குப் போய் வந்தது, ஒரு சொட்டும் குடிச்சு வந்ததில்லை."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அன்ரன்தான் மெல்லச் சொன்னார்.

"அம்மா, படத்தில இருக்கிற பிள்ளையை எனக்குத் தெரியாது. எஞ்சினோட வாறது இவதான்."

மாமி தேநீர் சேலையில் சிந்தச் சிந்தச் சிரித்தார்.

கலியாணப் படத்தில் கோடுகளை அழிக்கவா என்று படக்காரர் கேட்டார். நான் விடவில்லை. உழைத்து வாங்கியதை ஏன் அழிக்க வேண்டும்? இப்போது தொப்பியும் கிறீமும் போட்டுக்கொண்டுதான் வள்ளம் ஏறுகிறேன்.

ஆனால் ஒவ்வொரு திருநாளிலும் சூசை பச்சை முகத்தோடு மேடைக்குப் பாய்ந்ததும், முன்வரிசையிலிருந்து மாமி சத்தம் போடுவார்.

"இந்தா, எங்கட மருமகள் வந்திட்டா!"

நானும் எழுந்து நின்று எல்லோருக்கும் கை காட்டுவேன்.