எழுந்திருக்காத பந்தி

அருப்புக்கோட்டைக்கும் நரிக்குடிக்கும் இடையில், முதல் பந்தியில் அவர் உட்காராமல் நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லுமா என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. பாளையம்பட்டியில் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்ற அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'மொதப்பந்தி' அண்ணாச்சி.

பக்கத்து இலையில் உட்கார்ந்து அவர் சாப்பிடுவதை எண்ணியிருக்கிறேன். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன பொழுதுபோக்கு? சோறு நான்கு தடவை, அப்பளம் ஏழு. எட்டாவது என் இலையிலிருந்து போனது. எனக்கோ ஒரு வடைக்கே நெஞ்சு கரிக்கும். ஆனால் அவர் அள்ளித் திணிக்கிற ஆள் இல்லை. ரசம் விட்டதும் கண்ணை மூடிவிடுவார். நரிக்குடிக் கல்யாணம் ஒன்றில் மூடிய கண் வெகுநேரம் திறக்கவில்லை. சமையல்காரர் பயந்துபோய் விசிறியோடு ஓடி வந்தார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுது?"

"சும்மா இருய்யா. கம்மா பெருகிக் கெடக்கு, குளுந்த காத்து வருது. கெடுத்துறாத."

மழையைப் பார்த்து மாதக்கணக்கான ஊரில், ஒரு கரண்டி ரசத்தில் அவருக்குக் கண்மாய் நிறைந்தது. சமையல்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சர்க்கரை வியாதி வந்தபோதும் அண்ணாச்சி அசரவில்லை. மாத்திரை எதற்கு இருக்கிறது என்றார். சில வருஷம் அப்படியே ஓடியது. பிறகு வயிறு முரண்டு பிடித்தது. நாலு வாய் உள்ளே போனாலே நாலு பந்தி சாப்பிட்டதுபோல் நிறைந்துவிடும். காலையில் தின்ற இட்லி சாயங்காலம் ஏப்பமாக வந்து நலம் விசாரிக்கும். சில நாள் நேரிலேயே வந்துவிடும்.

"வாத்தியாரே, காலைல ஏறுன ஆளு பொழுது சாஞ்சும் எறங்கல. பஸ்ஸ நிறுத்திப்போட்டு டிரைவரு தூங்குறான்."

"டாக்டர்ட்ட சொன்னீகளா?"

"அவரு சக்கரைக்குப் பாக்குற டாக்டரு. சக்கரை ரத்தத்துல இருக்கு. வயித்தப் பத்தி அவருட்ட என்ன பேச்சு?"

ஓமத்தண்ணி, சுக்கு, கோலி சோடா என்று எல்லாம் பார்த்தார். மத்தியான வெயிலில் ஊரே தறிச் சத்தத்தில் கிறங்கிக் கிடக்கும்போது, மூட்டையில் சாய்ந்து வயிற்றின் மேல் கையை வைத்து, தூரத்துப் பாட்டைக் கேட்பவர்போல இருப்பார். கனவில் மட்டும் முழுச் சாப்பாடு உண்டு என்றார். விஷயம் வெளியே போனால் பேர் போய்விடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய ஒரே மகள் செல்விக்குத் திருச்சுழியில் மாப்பிள்ளை அமைந்தது. பிள்ளைகள் இருவரும் போனில் பேசி மனசு ஒத்துப்போனவர்கள். பெரியவர்கள் சம்மதம்தான் பாக்கி. எங்கள் பக்கம், பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். பிடிக்காவிட்டால் காப்பியோடு எழுந்துவிடுவார்கள். அண்ணாச்சியும் அவர் மனைவியான மதினியும் நானும் புறப்படும்போது செல்வி வாசல்வரை வந்தாள்.

"நல்லா சாப்ட்டு வாங்கப்பா."

அதற்கு மேல் அந்தப் பிள்ளை என்ன சொல்லும்!

மொதப்பந்தி வருகிறார் என்று இலையில் பதினோரு வகை வைத்திருந்தார்கள். அண்ணாச்சி மூன்று வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார். அவருடைய புகழ் அங்கேயும் எட்டியிருந்ததால் எல்லோர் முகமும் மலர்ந்தது. நாலாவது வாய்க்குப் போன கை இலையிலேயே நின்றது. பிறகு விலகிவிட்டது.

"உப்பு கூடிருச்சா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, ஏறக்குறைய அழுகிற குரலில்.

அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் குரலை உயர்த்தினார். "ஊரெல்லாம் ஒக்காந்து திங்கிற ஆளு, நம்ம வீட்ல மூணு வாயில கைய எடுத்தா என்ன அர்த்தம்? பிடிக்கலைன்னா நேராச் சொல்லிட்டுப் போகட்டும்!"

சாம்பார் வாளியோடு நின்ற மாப்பிள்ளை, தன் காலிலேயே ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டான். சுட்டதாகக் கூடத் தெரியவில்லை.

அண்ணாச்சியின் நெற்றி வேர்த்து விரல் நடுங்குவதை நான் கவனித்தேன்.

"மாத்திரை போட்டீகளா?"

"விருந்தாச்சேன்னு ரெண்டாப் போட்டேன் வாத்தியாரே."

மாத்திரை வேலையை ஆரம்பித்துவிட்டது, சோறு இன்னும் ஆரம்பிக்கவில்லை. சர்க்கரை இறங்குகிறது, சீனித்தண்ணி கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். குடித்துக் கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. அவர் மாப்பிள்ளையின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"சாப்பாட்டுல ஒரு கொறையும் இல்லைங்க. கொற என் வயித்துல. ரொம்ப நாளா நாலு வாய்க்கு மேல எறங்காது. மொதப்பந்திங்கிறதெல்லாம் இப்ப வெறும் பேருதான். எம்மகளுக்கு இந்த வீடுதான். எனக்குச் சம்மதம்."

இத்தனை வருஷப் புகழை அவர் இலையோரம் ஒதுக்கி வைத்ததுபோல் இருந்தது. மாப்பிள்ளையின் அத்தைதான் முன்னால் வந்தாள்.

"இதுக்கா இம்புட்டுச் சத்தம்? மெதுவாத் தின்னா சம்மதம் இல்லைன்னு எவன் சொன்னது? அண்ணே, ரெண்டு வாய் சாப்புடுங்க. செத்த பேசிக்கிட்டு இருங்க. மறுபடி ரெண்டு வாய். ஏலே, ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது!"

இலையை ஒதுக்கிவிட்டு, ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் வைத்தாள். ஒருவர் முடிக்காமல் பந்தி எழக் கூடாது அல்லவா? எழவில்லை. விரலில் பருக்கை காய்ந்தது. முற்றத்து வெயில் ஒரு சுவரிலிருந்து இறங்கி மறு சுவரில் ஏறியது. கருவேலங்காட்டுக் காற்று வந்து இலைகளை லேசாகத் தூக்கிப் பார்த்தது. சத்தம் போட்ட பெரியவர் எச்சில் கையை முழங்காலில் வைத்தபடியே குறட்டை விட்டார். எல்லோரும் ஒரே தூக்கத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. நடுவில் அண்ணாச்சி மட்டும் ரெண்டு வாய், கொஞ்சம் பேச்சு, ரெண்டு வாய். பொழுது சாயும்போது கிண்ணம் காலியானது. அவர் இலையைத் தன் பக்கமாக மடித்தார். மரத்துப்போன காலோடு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தோம். மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினான்.

அடுத்த வாரம் டாக்டரிடம் நானே இழுத்துக்கொண்டு போனேன். நாள்பட்ட சர்க்கரை வயிற்றை நகர்த்துகிற நரம்பையும் தளர்த்திவிடும் என்றார் அவர். மாத்திரையை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை சாப்பிடச் சொன்னார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று அண்ணாச்சியைத் திட்டினார்.

"நீங்க கேக்கலையே சார்" என்றார் அண்ணாச்சி.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது திருச்சுழியிலிருந்து திரும்பிய பஸ்தான். முன் சீட்டில் மதினி போனில் மகளோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தார். அண்ணாச்சி என் இடது தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அது எனக்கு வலிக்கிற தோள். அருப்புக்கோட்டை வரும்வரை நான் அசையவில்லை.