என் கையின் கன்னிப்பேச்சு

மேடை ஏறுகிறவனை நாக்குதான் கவிழ்க்கும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பட்டவன் சொல்கிறேன், நாக்கு பாவம். பயம் வந்தால் அதுபாட்டுக்கு வாய்க்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆளைக் கவிழ்ப்பது கைதான்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் அப்போது நான் சிக்னல்மேன். கூரையை ஒட்டி ஓடும் பெரிய கிரேனுக்குக் கீழே நின்று, மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டருக்குக் கையால் ஜாடை காட்டுவதுதான் வேலை. விரலை மேலே நீட்டிச் சுழற்றினால், தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால், இறக்கு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து ஆட்டினால், உடனே நிறுத்து. ஷெட்டில் ஓடும் மிஷின் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது.

ஆபரேட்டர் நாகராஜண்ணன், ஆரம்பாக்கத்துக்காரர். நான் அவர் கண்ணைப் பார்த்துக் கையைக் காட்டினால்தான் கொக்கி அசையும். எம்.டி.யே வந்து கீழே நின்று குதித்தாலும் அசையாது. எங்களுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. (வீட்டில் அதில் பாதி இருந்தால் போதும் என்பாள் என் மனைவி கோமதி.)

இப்படிப் பேச்சே தேவைப்படாமல் சுகமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"சேகர், வேலை உனக்குத் தெரியும். ஆனா சூப்பர்வைசர்னா தினம் ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்போ அத்தனை பேர் முன்னாடி நின்னு பாதுகாப்பைப் பத்திப் பேசணும். பேசுவியா?"

"பேசுவேன் சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது.

அவர் நல்ல மனிதர். சனிக்கிழமைகளில் கேன்டீனில் நடக்கும் பேச்சுப் பயிற்சி வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார். "பாதுகாப்பு நாள் விழாவுல நீ பேசு. அதைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். கோமதி அந்த 'பாத்துட்டு முடிவு பண்ணலாம்' என்ற பகுதியை மட்டும் விட்டுவிட்டு, ஆர்.கே.பேட்டையில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாளே மாமனார் ஊரில் நான் சூப்பர்வைசர். இனி பின்வாங்க வழியில்லை.

பயிற்சி கொடுத்தவர் ஹேமா மேடம். திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல் வந்து, வண்டி மாறி, கும்மிடிப்பூண்டி வருவார். அவ்வளவு தூரம் வந்தவர் முன்னால் முதல் நாள் நான் செய்தது, எழுந்து நின்று "என் பேர் தனசேகர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்ததுதான். (பேர் ஞாபகம் வந்ததே பெரிய விஷயம்.)

மேடம் கோபப்படவில்லை. "ஏன் இப்படிக் கொடிக்கம்பம் மாதிரி நிக்கறீங்க? கையைக் கட்டிப் போடாதீங்க சேகர், கையும் பேசணும்" என்றார். இன்னொரு ரகசியமும் சொன்னார். "பயம் வந்தா கூட்டத்தைப் பாக்காதீங்க. கடைசில உங்களுக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு இருக்கும். அதை மட்டும் பாத்துப் பேசுங்க."

இரண்டையும் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் வாஷிங் மெஷின் முன்னால் நின்று ஒத்திகை. "விபத்து எங்கே தொடங்குகிறது? மேலேயா? இல்லை! இங்கே! நம் காலடியில்!" ஒவ்வொரு 'இங்கே'க்கும் விரல் தரையைக் காட்டும். கீழே நீட்டிய விரல் சும்மா இருக்குமா? பழக்கதோஷம், தானாக ஒரு சுற்றுச் சுற்றும். மகள் யாழினி கைதட்டினாள். அந்த வாஷிங் மெஷின் முன்னால் நான் பெரிய பேச்சாளன்.

விழா நாளும் வந்தது. மிஷின்களை நிறுத்திவிட்டு, ஷெட்டுக்குள்ளேயே ஒரு பக்கச் சுவரை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். அதை ஒரு மூங்கில் கழியில் கட்டி, கிரேன் கொக்கியில் மாட்டித் தூக்கி நிறுத்தியவர்கள் நானும் நாகராஜண்ணனும்தான். விழா முடிந்ததும் இறக்க வேண்டுமே என்று அண்ணன் கேபினிலேயே உட்கார்ந்துவிட்டார். கேபின் மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்துக்குப் பின்னால், உயரத்தில்.

மைக்கைப் பிடித்தேன். தெரிந்த முகத்தைத் தேடினேன். எல்லாத் தலைகளுக்கும் மேலே, சாமி மாதிரி, நாகராஜண்ணன்! அப்பாடா. அவர் கண்ணை நேராகப் பார்த்தேன்.

"விபத்து எங்கே தொடங்குகிறது? இங்கே!"

விரல் கீழே போனது. ஒரு சுற்றுச் சுற்றியது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்குத் தெம்பு வந்தது. அடுத்த 'இங்கே'க்கு இரண்டு சுற்று. சிரிப்பு பரவியது. கூட்டம் சிரித்தால் கூட்டம் உங்கள் கையில் என்று மேடம் சொல்லியிருக்கிறார். முன்வரிசையில் அவரும் கையைத் தூக்கி எனக்குப் பின்னால் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நம் ஜாடையைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து விடாமல் சுழற்றித் தள்ளினேன். என்னை நானே மெச்சிக்கொண்டு, மேடையில் எனக்குப் பின்னால் நாற்காலிகளில் இருந்தவர்களையும் ஒரு பார்வை பார்க்கலாமென்று திரும்பினேன்.

மேடையில் யாரும் இல்லை. பேனர்தான் இருந்தது. கழி சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த பெரிய ஃபேன் காற்றில் ஊதிய ஃப்ளெக்ஸ் சிறப்பு விருந்தினரையும் மேனேஜரையும் போர்த்தியிருந்தது. கீழே நான்கு ஷூக்கள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்கு மேலே கொட்டை எழுத்தில், 'பாதுகாப்பே முதல்'.

இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினேன். மேனேஜர் தலைக்கு ஒரு சாண் மேலே கழி நின்றது.

ஷெட்டே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. மனப்பாடம் செய்த பேச்சு ஒரு வரிகூட ஞாபகமில்லை. மாமனார் ஊர் முழுக்க என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. போகிற மானம் போயாச்சு, இனி என்ன என்று மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினேன்.

"சிரிங்க, நல்லா சிரிங்க! என் கை இன்னா பண்ணிக்கினு இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. பழகிப்போன கை, அதான். ஆனா நீங்கல்லாம் பாத்துக்கினுதானே இருந்தீங்க? ஒருத்தனாச்சும் 'நிறுத்து'ன்னு கத்துனீங்களா? பேனரா இருக்கங்காட்டி தப்பிச்சோம். கம்பிக்கட்டா இருந்தா? நிறுத்துன்னு யாரு வேணா கை காட்டலாம். ஹெல்பர் காட்னாலும் கிரேன் நிக்கணும். இனிமே தப்பு பண்றது நானா இருந்தாலும் கத்துங்கடா!"

சிரிப்பு அப்படியே அடங்கியது. பிறகு யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

பேனரை விலக்கிக்கொண்டு வெளியே வந்த மேனேஜர், தலைமுடியைக்கூடச் சரிசெய்யாமல் கேபினைப் பார்த்துக் கத்தினார். "நாகராஜ், ஏன்யா எறக்குன?"

"சிக்னல்மேன் என் கண்ணப் பாத்து எறக்குன்னான், எறக்குனேன். பேச்சு முடியறதுக்குள்ள இன்னாத்துக்கு எறக்கச் சொல்றான்னு எனக்கும் பேஜாராத்தான் இருந்துச்சு சார்" என்றார் அண்ணன் மேலேயிருந்து. பிறகு என்னைப் பார்த்து, "இன்னா நைனா, இப்ப தூக்கட்டா?" என்றார். சிறப்பு விருந்தினரே சிரித்துவிட்டார்.

மேனேஜர் என் பக்கத்தில் வந்தார். வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். "திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்ல நீயே பேசு. மைக்ல பேசினது வேணாம், கடைசில கத்தினியே, அது போதும். கையை மட்டும் பின்னாடி கட்டிக்கோ" என்றார். ஹேமா மேடம் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

சூப்பர்வைசர் ஆகிவிட்டேன். இன்றுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பேசுகிறேன். ஆனால் வீட்டில் சட்டமே மாறிவிட்டது. நான் எதையாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால் கோமதி அடுப்படியிலிருந்தே இரண்டு கைகளையும் விரித்து ஆட்டுவாள். யார் காட்டினாலும் நிறுத்தணும் என்று நானே சொன்னதாயிற்றே, வாயை மூடிக்கொள்வேன். ஆர்.கே.பேட்டை விசேஷத்துக்குப் போனால், நான் உட்காருமுன் மச்சான்கள் பந்தலை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

போன வாரம் யாழினியைப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அதே வாஷிங் மெஷின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். நான் பொறுக்க முடியாமல், "கையை எப்படி வெச்சுக்கணும்னா..." என்று ஆரம்பித்தேன். இரண்டு கைகளையும் விரித்து ஆட்டினாள். நிறுத்தினேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குப்பா. நீ கடைசி வரிசைல உக்காந்துக்கோ, நான் உன் மூஞ்சியப் பாத்தே பேசிடுறேன்" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நான் கைய எப்படி ஆட்டினாலும், நீ எதையும் எறக்கிடாத."