பஷீர் பாய் மெயினை இறக்கிய மாலை

தப்பான ஆளைச் சந்தேகப்பட முட்டாளாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் படித்திருந்தாலே போதும். நான் நிறையப் படித்திருந்தேன்.

நான் உரிமம் வாங்கிய அமெச்சூர் வானொலிக்காரன். ஊரே மறந்துவிட்ட நெட்டலையில், அதாவது லாங்வேவில், சிதம்பரத்திலிருந்து நண்பர் செல்வம் தட்டும் மோர்ஸ் ஒலியைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து கேட்பதுதான் அந்த வருடம் என் லட்சியம். (கைபேசியில் கூப்பிட்டால் உடனே பேசுவார். அது வேறு விஷயம்.) அம்மா இடுப்பு முறிந்து படுத்த படுக்கையாக இருந்தார். என் மனைவி கலாவும் பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவும் காலையும் மாலையும் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பார்கள். அக்கா வராவிட்டால் கலாவால் தனியாக முடியாது. அந்த நேரங்களில் நான் தோட்டத்தில் ஆன்டெனா கட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம், இருட்டியதும் ரேடியோவில் கொர்ரென்று ஓர் இரைச்சல். செல்வம் அதில் மூழ்கிப்போவார். இதற்கு மருந்து திசை பார்க்கும் லூப் ஆன்டெனா. சவுக்குக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, சுற்றிலும் செம்புக் கம்பி சுற்ற வேண்டும். அதன் அகன்ற முகத்தை இரைச்சல் வரும் பக்கம் திருப்பினால் இரைச்சல் அடங்கிவிடும்.

“என்னா மச்சான், வவ்வாலுக்கு வலையா?” என்றார் மதிலுக்கு அப்பாலிருந்து அக்காவின் கணவர் பஷீர் பாய்.

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு ஞாயிறு மாலை, தேதி போட்டுக் குறித்துக்கொண்டு, லூப்பைத் திருப்பினேன். நேர்தெற்கில் இரைச்சல் அடங்கியது. கூடவே செல்வமும் அடங்கிவிட்டார். சிதம்பரமும் தெற்கில்தானே இருக்கிறது! ஆக, இரைச்சலைப் பிறந்த இடத்திலேயே ஒழிக்க வேண்டும். தெற்கில் இருந்தது பஷீர் பாய் வீடு. மதில் நெடுக அவர் புதிதாக மாட்டிய எல்இடி விளக்குகள். (பகலில் ரேடியோவைப் போட்டு நான் கேட்டதே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.)

அணைக்க முடியுமா என்று கேட்டிருந்தால் அணைத்திருப்பார். நான் பிரசங்கம் செய்தேன். மலிவுச் சரக்கு என்றேன். அடுத்தவன் நிம்மதியைக் கெடுக்கிற புத்தி என்றும் சொன்னேன். அவர் வீட்டு வாசலில் நூர்ஜஹான் அக்கா ஈரக்கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பஷீர் பாய் உள்ளே போய் மெயினை இறக்கினார். வீடு முழுக்க இருட்டு. “வாப்பா, பரீட்சைக்குப் படிக்கிறேன்!” என்று மகள் கத்தினாள்.

“இப்ப போய்க் கேளு மச்சான். போச்சா?”

போகவில்லை. துளிகூடக் குறையவில்லை.

செல்வத்தைக் கைபேசியில் பிடித்தேன். “யோவ், லூப்புக்கு ஏதுய்யா முன்னும் பின்னும்? தெக்கும் ஒண்ணுதான், வடக்கும் ஒண்ணுதான். ஒனக்குப் பின்னாடி என்னா இருக்கு?”

இதை நான் படித்திருக்கிறேன். அடிக்கோடு போட்டே படித்திருக்கிறேன். திரும்பினேன். என் வீடு. அம்மாவின் அறை ஜன்னல். படுக்கைப் புண் வராமலிருக்க இரவும் பகலும் ஓடும் காற்றுப் படுக்கையின் மோட்டார்.

கலாவிடம் சொல்லி நிறுத்தினேன். இரைச்சல் செத்தது. செல்வம் தட்டினார்; சிதம்பரம் மணிமணியாக வந்தது. சொக்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“டேய், நான் எறங்கிக்கிட்டே போறேன்டா!” ஜன்னல் வழியாக அம்மாவின் குரல்.

அன்று அக்கா வரவில்லை. நானும் கலாவும் புரட்டினோம். எங்கே பிடிப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. அம்மா வலியில் முனகினார். அவர் முதுகு எப்படிச் சிவந்திருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“நூரு ஏன் வரல?”

எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

காலையில் பஷீர் வீட்டு வாசலில் போய் நின்றேன். தயாரித்து வைத்திருந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. “எனக்குப் பொரட்டத் தெரியலக்கா” என்பதுதான் வந்தது. அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், எனக்கு முன்னால் நடந்தார்.

அம்மா அவருக்காகவே காத்திருந்தார். “கேட்டியா நூரு? இவுங்கப்பாவுக்கு நான் பேசினா சத்தம். இவனுக்கு நான் சும்மா படுத்திருந்தாலே சத்தம்.”

அக்கா சிரித்துவிட்டார். கலாவும். நான் மோட்டாரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த சித்திரையில் அம்மா போய்விட்டார். கருமாதிக்குச் சிதம்பரத்திலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு அக்கா இதை அம்மாவின் குரலிலேயே சொல்லிக்காட்ட, பந்தியே சிரித்தது. இப்போதும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: “என்னா மாமா, இப்ப சத்தம்லாம் எப்படி?”

“ஒண்ணும் இல்ல” என்பேன். சிரிப்பார்கள்.